மேலே வரும் பஸ்

போன மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. ஏற்காட்டை அடுத்த செம்மநத்தத்தில், பஸ் திரும்பும் இடத்தில் இருக்கும் டீக்கடைக்கு ஒரு பெரிய பார்சலோடு போய் நின்றேன். எனக்குச் சேலத்தில் வேலை. லீவு கிடைத்தால் கேமராவோடு மலையேறிவிடுவேன். பிடித்த படத்தைத் தடித்த பருத்திக் காகிதத்தில் பிரிண்ட் போட்டு, எடுத்த இடத்தில் இருப்பவர்களுக்கே பரிசாகக் கொடுப்பதில் எனக்கு ஒரு கிறுக்கு.

அன்று கொண்டுபோனது, நான் எடுத்ததிலேயே சிறந்தது என்று நானே சொல்லிக்கொண்டு திரிந்த படம். மூடுபனி, அதற்குள் கரைந்துகொண்டே இறங்கும் பஸ், சிவப்பாக இரண்டு பின்விளக்குகள். அவ்வளவுதான். குளிரில் நடுங்கிக்கொண்டு போய் நின்றபோதெல்லாம் டீ போட்டுத் தந்த கடைக்கார அக்காவுக்காகவே போட்டது.

பார்சலைப் பிரித்ததும் அவர் கணவர் எட்டிப் பார்த்தார். "ஏனுங்க தம்பி, பாதி பஸ்ஸக் காணோம். மீதி நாளைக்கு வருங்களா?"

கடையே சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை.

"இது எறங்கிப் போற பஸ்ஸுதான கண்ணு?"

"ஆமாங்க்கா."

"எனக்கு வேண்டாஞ் சாமி. தப்பா நெனைக்காத." அவர் டம்ளர் கழுவப் போய்விட்டார்.

பைக் வரை வந்த கணவர்தான் விஷயத்தைச் சொன்னார். ஒரே மகள். விரும்பியவரைக் கட்டிக்கொண்டு, அப்படி இறங்கிப் போகும் காலை பஸ்ஸில்தான் திருப்பூருக்குப் போனாளாம். "கோவத்துல இவ ஒரு வார்த்தை சொல்லிப்புட்டாங்க. அதுலருந்து இவ போன் பண்ணுனா அவ எடுக்கறதில்ல."

நான் வண்டியைக் கிளப்பும்போது அக்கா வெளியே வந்தார்.

"மேல வர்ற பஸ்ஸு இருந்தா ஒண்ணு போட்டுக் குடு கண்ணு. எனக்கில்ல, அவளுக்கு. வான்னு கூப்புட எனக்கு வாய் வரல. படம் போனா அவளுக்குப் புரியும்."

அடுத்தடுத்த வாரங்களில் அந்த வளைவிலேயே கிடந்தேன். பனி இருந்தால் பஸ் லேட். பஸ் வந்தால் வெயில் சுள்ளென்று அடிக்கும். தை பிறந்த பிறகுதான், முன்விளக்கால் பனியைத் துளைத்துக்கொண்டு ஏறி வந்த பஸ் ஒன்று சிக்கியது. பிரிண்ட் போட்டு, அக்கா சொன்ன விலாசத்துக்குக் கூரியரில் அனுப்பினேன்.

ரொம்ப நாள் சத்தமே இல்லை. பிறகு, பார்சலில் எழுதியிருந்த என் நம்பருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வந்தது. மகளின் வாடகை வீட்டுச் சுவரில் என் படம். அதோடு ஒரு வார்த்தைகூட இல்லை.

அந்த வாரமே மலையேறி ஓடினேன். அக்கா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போனை வாங்கினார். படத்தைப் பற்றி என்ன சொல்லப் போகிறாரோ என்று நான் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவரோ இரண்டு விரலால் பெரிதாக்கி, என் படத்தை ஒதுக்கித் தள்ளிவிட்டு போட்டோவின் ஓரத்துக்குப் போனார். அடுப்பு. கொடியில் ஒரு துண்டு. கீழே ஒரு குடம்.

"ஊடு சின்னதுதான். சுத்தமா வெச்சிருக்கறா." பிறகு கணவரிடம், "கொடம் ஒண்ணுதானுங்க தெரியுது. தண்ணி பத்துமா?" என்றார்.

எப்போதும் கிண்டல் பேசுகிற மனிதர், "பத்தும், பத்தும்" என்று மட்டும் சொன்னார்.

மகள் இன்னும் வரவில்லை. இப்போதெல்லாம் நான் யாருக்கு ஒரு பிரிண்டைப் பரிசாகக் கொடுத்தாலும், அது தொங்கப்போகும் சுவரை ஒருமுறையாவது பார்த்துவிட மாட்டோமா என்று எங்கோ ஒருவர் ஏங்கிக்கொண்டிருக்கக்கூடும் என்றுதான் முதலில் தோன்றுகிறது.