வரப்போகிற ரோடு

குற்றாலத்திலிருந்து தென்காசி போகும் சாலையில் அண்ணாச்சி ஒருவருக்கு ஒரு பரோட்டாக் கடை. புருவம் வரைக்கும் மைதா அப்பியிருக்கும். சாரல் சீசனில் பக்கத்துக் கடைக்காரர்களெல்லாம் தார் விளிம்பு வரை மேஜை போட்டிருக்க, இவர் கடைக்கு முன்னால் மட்டும் புல் முளைத்த வெறும் தரை. பிற்காலத்தில் சாலையை அகலப்படுத்துவதற்கென்று அரசாங்கம் எல்லைக்கல் நட்டு ஒதுக்கிய இடம் அது.

உள்ளே ஒரே கூட்டம். நான் இலையும் நாற்காலியுமாகப் புல்லுக்கு வந்து உட்கார்ந்தேன்.

"சார்! நடுரோட்டுல உக்காந்து திங்குதியளே, உயிர்மேல ஆசை இல்லையா?" என்று அடுப்படியிலிருந்து கத்தினார்.

பதறி எழுந்தேன். பஸ்கள் நாலைந்து கஜம் தள்ளித்தான் போய்க்கொண்டிருந்தன.

"ரோடு அங்கனல்லா கெடக்கு, அண்ணாச்சி?"

"அது இன்னைக்குள்ள ரோடு. இது வரப்போற ரோடு. போன தடவ அகலப்படுத்தும்போது கடையில பாதிய இடிச்சிட்டானுவ. இனிமே ரோட்டுல ஒரு ஸ்டூலு போட மாட்டேன்."

"எப்ப வருதாம்?"

"எப்ப வேணா வரும். அதான பயமே!"

சாலைக்கு அந்தப் பக்கம் நின்ற காருக்குப் பார்சல் எடுத்துக்கொண்டு கிளம்பினார். எல்லைக்கல்லருகே நின்று வலப்பக்கம் பார்த்தார், இடப்பக்கம் பார்த்தார், விறுவிறுவென்று புல்லைக் கடந்தார். பிறகு தார்ச்சாலையை, பஸ் ஹாரன் அடிக்க அடிக்க, எந்தப் பக்கமும் பார்க்காமல் கடந்து போனார்.

சிரித்துக்கொண்டே சாப்பிட்டுவிட்டுக் கை கழுவி வந்தேன். என் பைக் தார் ஓரத்தில் நின்றது. புல்லில் ஓர் ஆடு குறுக்கே வந்துகொண்டிருந்தது. அது கடந்து போகும்வரை எல்லைக்கல்லருகே காத்து நின்றேன்.