உருமாறும் காட்சியில் தூங்கியவன்

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு பட்டியல் தொங்குகிறது. ஜப்பானிலிருந்து வருடத்துக்கு ஒன்றாக வரும் ஒரு கார்ட்டூன் வரிசையின் தரப்பட்டியல் அது. சாதாரணப் பள்ளிக்கூடப் பெண்கள் மந்திரத்தால் பளபளவென்று உருமாறி, ஊரை விழுங்க வரும் கும்பலைத் துரத்துவார்கள். வருடா வருடம் பெண்கள் மாறுவார்கள், கூடவே திரியும் பேசுகிற பிராணி மாறும், கும்பலும் மாறும். ஒரு தொடர் முடிந்ததும் நானும் என் மகளும் உட்கார்ந்து, முந்தைய தொடர்களோடு ஒப்பிட்டு மார்க் போட்டு, இரண்டு பேரும் கையெழுத்துப் போடுவோம். நாற்பத்தாறு வயது ஆளுக்கு இதெல்லாம் ஒரு பதவியா என்று கேட்கலாம். அலுவலகத்தில் எனக்கு இருக்கும் பதவியைவிட இதற்கு மரியாதை அதிகம்.

இந்த வருடம் அவளுக்குப் பதின்மூன்று. தோழிகள் எல்லாம் கொரியப் பாடகர்கள் பக்கம் போய்விட்டார்கள். இதைப் பற்றிப் பேச அவளுக்கு மிச்சம் நான் ஒருவன்தான். ஐந்தாவது தொடர் ஆரம்பித்த அன்றே எச்சரித்துவிட்டாள்: “டாடி, இந்த வாட்டி நீ ஒழுங்கா பாக்கலன்னா லிஸ்ட்டே வேணாம். கிழிச்சிப் போட்டுடலாம். நா தனியா பாத்துக்கறேன்.”

மற்ற நாட்களில் அவள் என்னிடம் பேசுவது “ம்”, “தெரியல”, “கதவ சாத்து”. முழு வாக்கியங்கள் எனக்குக் கிடைப்பது வெள்ளிக்கிழமை சாயங்காலம், இந்தத் தொடர் பார்க்க உட்காரும் சோபாவில் மட்டும். அதனால் தலையை ஆட்டினேன்.

ஆட்டின தலை நிற்க வேண்டுமே. வீடு அடுகோடி என்கிற பேட்டையில், வேலை ஊரின் அந்தக் கோடியில். பஸ், மெட்ரோ, மறுபடி பஸ். என் அப்பா கோலார் தங்கவயலில் பூமிக்கடியில் ஒரு ஷிஃப்ட் முடித்து வந்து ஃபுட்பால் ஆடுவார். நான் ஏசியில் உட்கார்ந்து, மற்றவர்கள் எப்படி வேலை செய்தார்கள் என்று படிவம் நிரப்பிவிட்டு வருகிறவன். ஷூவைக் கழற்றக் குனிந்தால் நிமிர்வதற்கு யோசிக்க வேண்டியிருக்கிறது.

நான்கு வருட அனுபவத்தில் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருந்தேன். இந்தத் தொடர்களில் நாயகி உருமாறும் காட்சியை ஒரு தடவைதான் வரைவார்கள். அதையே வாராவாரம் போடுவார்கள். பாட்டு ஆரம்பிக்கும், ரிப்பன் சுற்றும், பூட்ஸ் ஏறும், கடைசியில் நாயகி தன் பெயரைக் கத்துவாள். ஒன்றே முக்கால் நிமிடம். பாட்டு ஆரம்பித்ததும் நான் கண்ணை மூடுவேன், கத்தியதும் விழிப்பேன். பஸ்ஸில் தூங்குகிறவன் தன் ஸ்டாப்பில் சரியாக எழுந்துகொள்வது போல. கதையில் ஒரு இழைகூட விட்டுப்போகாது. யாருக்கும் நஷ்டமில்லாத திருட்டு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஐந்தாவது தொடரின் பாதிக்கு மேல் ஒரு சங்கடம் வந்தது. தூங்கி எழுந்தாலும் தூங்கின மாதிரியே இல்லை. கண்ணை மூடுவதற்குள் அந்தப் பெண் கத்திவிடுகிறாள். வயதாகிறது என்று நினைத்து மருந்துக்கடையில் சத்து மாத்திரை வாங்கினேன்.

தொடர் முடிந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தீர்ப்புக்கு உட்கார்ந்தோம். முதல் தொடரின் வில்லனிடம் ஒரு நியாயம் இருந்தது. அதனால் அது என்றைக்கும் முதலிடம். மூன்றாவதில் வந்த குண்டு மரநாயை வீட்டில் எல்லோருக்கும் பிடிக்கும். இரண்டாவது சுமார். நான்காவதில் கடைசி ஆறு பகுதிகளில் எல்லோரையும் அழவிட்டே ஒப்பேற்றிவிட்டார்கள். ஐந்தாவதின் நாயகி அம்மாவின் சலவைக் கடையில் வேலை செய்துகொண்டே ஊரையும் காப்பாற்றுகிறவள். எனக்கு அது ஒட்டவில்லை. கடைசி இடம் கொடுத்து, அலுவலகப் பழக்கத்தில் குறிப்பும் எழுதினேன்: “சோர்வூட்டுகிறது. உருமாறும் காட்சி வாராவாரம் அதே. பத்துக்கு மூன்று. முன்னேற்றத்துக்கு இடமுண்டு.”

அவள் படித்தாள். இன்னொரு தடவை படித்தாள்.

“அதேவா?”

“அதேதானம்மா.”

“கடைசி எபிசோட்ல ரிப்பன் இன்னா கலர்?”

“ரோஸ்,” என்றேன், ஒரு வருட அனுபவசாலியின் குரலில்.

“ரிப்பனே இல்ல டாடி.”

அடுக்களையில் என் மனைவி பாத்திரம் தேய்ப்பதை நிறுத்தியது கேட்டது.

“வாராவாரம் ஒண்ணொண்ணா கொறையும். மொதல்ல ஜிமிக்கி போச்சி. அப்றம் க்ளவுஸ். அப்றம் அவ சுத்தறத வுட்டுட்டா. அவளுக்கு முடியல, அதான் கதயே! யாராண்டயும் அவ சொல்லமாட்டா. அந்த எடத்துல மட்டும்தான் தெரியும்.” மூச்சு வாங்கினாள். “நீ தூங்கிக்கினு இருந்த. இல்ல?”

களைத்துப்போன ஒரு பெண்ணின் கதையை, அவள் களைத்துப்போகும் இடங்களை மட்டும் குறிபார்த்து, களைப்பினால் தூங்கித் தவறவிட்டிருக்கிறேன். என் தூக்கம் மாதாமாதம் குறைந்த காரணமும் அப்போதுதான் விளங்கியது. சத்து மாத்திரை வீண்.

அவள் எழுந்துபோய் ஃப்ரிட்ஜிலிருந்து பட்டியலை எடுத்தாள். கிழிக்கவில்லை. இரண்டாக மடித்தாள். அது கிழிப்பதைவிட மோசமாக இருந்தது.

“எல்லாத்தையும் போடு,” என்றேன். “மாறுற எடம் மட்டும். வரிசையா.”

“நாப்பத்தெட்டு இருக்கு.”

“நின்னுக்கினே பாக்கறேன்.”

“மெட்ரோல நின்னுக்கினே தூங்கற ஆளும்மா இவரு, நம்பாத,” என்றது அடுக்களை. ஆனாலும் காப்பி வந்தது.

முக்கால் மணி நேரம் நின்றேன். முதல் பத்தில் ரிப்பன் ஆகாயமெல்லாம் சுற்றியது. இருபதில் அவள் சுற்றும்போது கால் லேசாகத் தடுக்கியது. முப்பத்தொன்றில் பூட்ஸில் ஒன்றைப் போட்டுவிட்டு மற்றதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் சும்மா இருந்தாள். நாற்பத்தெட்டில் பாட்டு ஆரம்பித்ததுமே நின்றுவிட்டது, வெளிச்சமில்லை. சலவைக் கடை ஸ்டூலில் உட்கார்ந்து சட்டைப் பொத்தானைப் போடுகிறாள், ஒன்று மாற்றிப் போட்டுவிடுகிறாள், கழற்றாமல் அப்படியே எழுந்து போகிறாள். பெயரைக் கத்தவில்லை, மெதுவாகச் சொன்னாள். பதினோரு விநாடி.

நான் தூங்கவில்லை. ஷூவோடு குனிந்த நிலையில் என்னை யாரோ வரைந்திருந்தது போல இருந்தது.

“இப்ப சொல்லு,” என்றாள்.

“பத்துக்குப் பத்து. முதலிடம்.”

“சும்னே ஐஸ் வெக்காத டாடி.”

பிடிபட்டேன். உட்கார்ந்து யோசித்தேன், இந்தத் தடவை உண்மையாகவே. “உருமாறுற காட்சிக்குப் பத்து. ஆனா வில்லன் மொக்கதான். கோவிச்சிக்கினு வரான், கோவிச்சிக்கினு போறான். மொதத் தொடர்ல அவனுக்குன்னு ஒரு ஞாயம் இருந்துச்சி. அதனால ரெண்டாவது.”

“வில்லன் எதுக்கு? இங்க களைப்புதான் வில்லன்!”

“அப்ப அவன எதுக்கு வாராவாரம் கூட்டியாரானுங்க?”

“பொம்ம விக்கணும்ல!”

“அதுக்குதான் மார்க்க கொறைக்கறேன்.”

அவள் கத்தினாள், நான் கத்தினேன். ஒரு மணி நேரம் முழு வாக்கியங்களாகவே வந்து விழுந்தன. முடிவில் பென்சிலால் இரண்டாவது என்று எழுதினாள். பேனாவுக்கு நான் இன்னும் தகுதி பெறவில்லையாம். என் கையெழுத்துக்குக் கீழே அடைப்புக்குள் “பாதி தூங்கியவர்” என்று சேர்த்தாள். மடிப்பை உள்ளங்கையால் தேய்த்து நீவி, காந்தத்தை வைத்தாள். பிறகு ஸ்கேல் எடுத்து வந்து, ஐந்துக்குக் கீழே ஒரு கோடு போட்டு ஆறு என்று எழுதினாள்.

“அந்தப் பாட்டு வந்தா நீ என்னாண்ட பேசிக்கினே இருக்கணும்,” என்றாள். “பேச்சு நின்னா கிள்ளுவேன்.”