பூட்டில் ஏறிய எறும்பு

வெள்ளவத்தையில் எங்கள் கேற்றடியில் ஒருவர் குந்தியிருந்து படமெடுத்துக்கொண்டிருந்தார். காலை பத்து மணி, வீட்டில் நான் தனியே. அவருடைய கமரா கிட்டத்தட்டப் பூட்டில் முட்டிக்கொண்டிருந்தது. ஐம்பது வயதிருக்கும். அயர்ன் பண்ணின வெள்ளைச் சேட், முழங்காலில் மட்டும் மண். ஒவ்வொரு படத்துக்கும் மூச்சை அடக்கி, பிறகு வாயால் மெல்ல விட்டார். அந்தச் சத்தம் யன்னலடியில் நின்ற எனக்குக் கேட்டது.

எங்கள் வீடுகளைப் படமெடுக்க வந்தவர்கள் நல்லதுக்கு வந்ததாக எனக்கு நினைவில்லை. அடையாள அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போனேன்.

"ஏன் எடுக்கிறீங்கள்?"

கேட்கும்போதே என் கை அட்டையை நீட்டிவிட்டது. சண்டைக் காலத்துச் சோதனைச் சாவடிகள் தந்த அத்தனை வருடப் பழக்கம். அவரும் துள்ளி எழும்பித் தன் அட்டையை எனக்கு நீட்டினார்.

"எறும்பு, அக்கா."

கமராத் திரையைக் காட்டினார். பூட்டின் துரு செம்மண் மலையாக எழும்பியிருந்தது. அதில் ஏறிய எறும்பின் காலில் இருந்த மயிர்கூடத் தெரிந்தது. இருபது வருடமாகத் தொட்ட பூட்டை அன்றுதான் பார்த்தேன்.

"வடிவா இருக்கு. கடல் பக்கத்தில தானே, அதை எடுக்கிறேல்லையோ?"

"முந்தி எடுத்தனான். கமராவைத் தூரத்துக்குப் பிடிச்சா ஆராவது வந்து ஏனெண்டு கேப்பினம். எறும்பை எடுத்தா ஒருத்தரும் கேக்கிறேல்லை."

சொல்லிவிட்டுக் கமராவைப் பைக்குள் வைத்தார். அவர் காலி வீதிச் சனத்துக்குள் மறைந்த பிறகுதான், நானும் ஏனென்று கேட்டுவிட்டேன் என்பது எனக்கு உறைத்தது.

பூட்டுக்கு எறும்பு இன்றும் வருகிறது. அவர் வரவில்லை.