மீன்சுருட்டியில் இறக்கிய மருந்து

இங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் சுத்தியலைத் தொடக் கூடாது. ஆணி அடிப்பது, மரம் அறுப்பது எதுவும் ஆகாது. வீடே இடிந்து விழுவதாக இருந்தாலும் திங்கட்கிழமை பார்த்து விழ வேண்டும் என்பது போல ஒரு கட்டுப்பாடு. ஜெர்மனிக்கு வந்து வருடங்கள் ஆகிவிட்டன, இது எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தேதான் போன மாதம் ஒரு ஞாயிறு பகலில் விரலி மஞ்சளைத் துண்டில் சுற்றிப் பால்கனியில் வைத்துத் தட்டிக்கொண்டிருந்தேன். நாலு தட்டு தட்டுவதற்குள் கீழ்வீட்டுக்காரர் வந்து மணியடித்துவிட்டார். "ரூஹே" என்றார். அமைதி வேண்டுமாம். மனைவிக்குக் குழந்தை பிறந்திருக்கிறது, அவளுக்கு மருந்து செய்கிறேன் என்று எனக்கு வந்த ஜெர்மனில் சொன்னேன். அவர் என் கையிலிருந்த மஞ்சள் அப்பிய சுத்தியலை ஒருமுறை பார்த்தார். பிறகு மிகவும் கனிவாக, ஞாயிறன்றும் திறந்திருக்கும் மருந்துக்கடை ஒன்றுக்கு வழி சொல்லிவிட்டுப் போனார்.

ஊரில் இருந்து படிப்பவர்களுக்கு அந்த மருந்தைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. இங்கேயே பிறந்து வளரும் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். பிள்ளை பெற்ற உடம்பு குளிர்ந்து கிடக்கும், அதற்குச் சூடேற்ற வேண்டும் என்பது நம்மவர்கள் நம்பிக்கை. மஞ்சள், சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், சீரகம் எல்லாவற்றையும் வறுத்துப் பொடித்து, பூண்டை அரைத்துச் சேர்த்து, வெல்லப்பாகில் கொட்டி, நல்லெண்ணெய் விட்டுக் கிண்டுவார்கள். காலையில் வெறும் வயிற்றில் நெல்லிக்காய் அளவு உருண்டை. பெரம்பலூர்ப் பக்கம் எங்கள் வீட்டிலும் சரி, அரியலூர்ப் பக்கம் என் மனைவி மலர் வீட்டிலும் சரி, இதில் ஒரு முறை உண்டு. தலைப்பிள்ளைக்கான மருந்து பெண்ணின் தாய்வீட்டு அடுப்பில்தான் இறங்க வேண்டும்.

மலருக்கு அம்மா இல்லை. எங்கள் கல்யாணத்துக்கு முன்பே போய்விட்டார்கள். அக்காவும் கட்டிக்கொடுத்த ஊரோடு இருந்துவிட்டாள். மீன்சுருட்டியில் அவள் அப்பா மட்டும் இரண்டு மாட்டையும் கொஞ்சம் முந்திரிக் கொல்லையையும் பார்த்துக்கொண்டு தனியாக இருக்கிறார். குரும்பலூரில் இருக்கும் என் அம்மாவுக்குக் கண்ணை மூடிக்கொண்டு இந்த மருந்து கிண்டத் தெரியும். பக்குவம் சொல்லேன் என்று போனில் கேட்டேன். "எனக்குத் தெரியாமலாடா இருக்கு? நான் கிண்டிக் குடுத்தா, அவளுக்கு அம்மா இல்லன்னு நானே ஊருக்குச் சொன்ன மாதிரி ஆயிடும். அவுங்க அப்பாவக் கேளு" என்று வைத்துவிட்டாள். என் அம்மா வாயாடி என்று ஊரே சொல்லும். அன்றைக்கு அவளை நினைத்து எனக்குப் பெருமையாக இருந்தது.

மலரோ மருந்தே வேண்டாம் என்றுவிட்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் சரியாகச் சாப்பிடவில்லை. காதுக்குத் துண்டு கட்டி, காலுறை மேல் காலுறை மாட்டிக்கொண்டு ஹீட்டர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். பேற்றுக்குப் பிறகு வீட்டுக்கே வந்து தாயையும் பிள்ளையையும் பார்த்துக்கொள்ளும் மருத்துவச்சியை இங்கே 'ஹெபாமே' என்பார்கள். எங்களுக்கு வந்தவர் உல்ரிக்கே. தங்கமான மனுஷி, ஆனால் உள்ளே வந்ததும் முதல் வேலையாகச் சன்னல்களைத் திறந்துவிடுவார். வெளியே பனி கொட்டும். காற்று வேண்டும் என்பார் அவர். காற்றுப் படக் கூடாத உடம்பு என்று எங்களுக்குச் சொல்லத் தெரியாது. அவர் படியிறங்கிய பிறகு மூடிக்கொள்வோம். "அம்மா இல்லாத வீட்டுல மருந்து என்ன வேண்டிக் கெடக்கு, விடுங்க" என்பாள் மலர். சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். இவளை எப்படி எழுப்பி உட்கார வைப்பது என்று தெரியாமல் எனக்குப் பயமாகவே இருந்தது.

மலரின் அப்பா, என் மாமா, விடவில்லை. ஜெயங்கொண்டம் போய் நாட்டு மருந்துக்கடையில் பிள்ளைபெற்ற செலவு என்று கேட்டு அந்த மருந்துச் சாமான்களைக் கட்டி வாங்கி வந்து, அதைப் பிரித்துப் பாயில் பரப்பி வீடியோவில் ஒவ்வொன்றாகக் காட்டினார். பார்சல் வந்து சேர நாளாகும் என்பதால் அதே சாமான்களை இங்கே ஈழத்தமிழர் கடையில் நான் வாங்கினேன். "பொடி மஞ்ச வேணாம் மாப்ள. வெரலியா வாங்கித் தட்டுங்க" என்று அவர் சொன்னதால் வந்ததுதான் அந்தச் சுத்தியல் வம்பு. அங்கே அவரும் ஒரு வாணலியை ஏற்றி, போனை அரிசி டின் மேல் சாய்த்து வைத்தார். பேறுகால அடுப்புப் பக்கம் ஆம்பளை எட்டிப் பார்த்தாலே விரட்டுகிற வீடுகளில் வளர்ந்தவர்கள் நாங்கள் இருவரும். இருவருக்கும் ஒன்றும் தெரியாது.

"பாகு எப்புடி இருக்கு மாப்ள?"

"தண்ணியா இருக்குங்க மாமா."

"இங்க கல்லாட்டம் இருக்குங்க."

பொடியைக் கொட்டினோம். கிண்டக் கிண்ட இரண்டு வாணலியிலும் அடிப்பிடித்தது. இங்கே புகை கண்டு கத்தும் கருவி கத்தத் தொடங்கியது. குழந்தை அழுதது. மாமா அங்கிருந்து, "என்ன மாப்ள சத்தம், போலீஸா?" என்றார்.

அப்போதுதான் மலர் எழுந்து வந்தாள். குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டுக் கரண்டியை வாங்கி, நுனியில் கொஞ்சம் எடுத்து நாக்கில் வைத்தாள். நானும் மாமாவும் பரீட்சை எழுதியவர்கள் போல அவள் முகத்தையே பார்த்தோம்.

"எண்ணெ பத்தல" என்றாள். "அக்காவுக்குக் கிண்டுறப்ப நான் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன். ஓரத்துல எண்ணெ கக்குற வரைக்கும் அம்மா ஊத்திக்கிட்டே இருக்கும். ஊத்துங்கப்பா நீங்களும். இன்னும் ஊத்துங்க."

அங்கே அவர் ஊற்றினார், இங்கே அவள் ஊற்றினாள். ஓரத்தில் எண்ணெய் பிரிந்து, மருந்து சட்டியை விட்டுச் சுருண்டு வந்தது. மாமா தோள் துண்டால் முகத்தைத் துடைத்தார். புகை என்றார். மலரும் அழுதுகொண்டேதான் கிண்டினாள், அவள் புகை என்று சொல்லவில்லை. பிறகு ஒரு உருண்டை உருட்டி வாயில் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் உல்ரிக்கே வந்தார். தொட்டிலைக் குனிந்து பார்த்தவர் முகம் மாறிவிட்டது. "கெல்ப்!" என்றார், மஞ்சள். பிள்ளைக்குக் காமாலை ஏறிவிட்டது என்று நினைத்து உடனே பையைத் திறந்தார். பிள்ளையின் கன்னத்தை அழுத்திப் பார்த்தார், சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். நான் இரண்டு கையையும் விரித்து நீட்டினேன். முழங்கை வரைக்கும் மஞ்சள். நேற்றுக் குழந்தையை வாங்கியது இந்தக் கைதான். அவர் ஈரத்துணியால் கன்னத்தைத் துடைக்க, காமாலை துணிக்கு வந்துவிட்டது. வந்த சிரிப்பில் அன்றைக்குச் சன்னலைத் திறக்கவே மறந்துபோனார்.

எல்லாம் முடிந்த பிறகுதான் மலருக்கு ஒரு சந்தேகம். "நீங்க எதுக்குப்பா ஒரு சட்டி கிண்டுனீங்க? அங்க யாரு திங்கிறது?"

"மாப்ள கிண்டுனா அது அவுரு வூட்டு மருந்தும்மா. இந்த அடுப்புல எறக்குனாத்தான் ஒனக்குத் தாய்வூட்டு மருந்து. நாள பின்ன யாரும் ஒரு சொல்லு சொல்லிடக் கூடாதில்ல?" என்றார். பக்கத்து வீட்டில் கலா என்ற பெண் பேற்றுக்கு வந்திருக்கிறாளாம். அவள் அம்மாவுக்கு வேலைக்குப் போனால்தான் சோறு, மருந்து கிண்ட ஓய்வில்லை. எனவே தினம் காலையில் மலர் பங்கு உருண்டையை அவளுக்குக் கொடுத்துவிடுகிறார்.

நான் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் இப்போதும் அந்த போன் வரும். மலர் உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பாள். பின்னால் சன்னலுக்கு வெளியே பனி. எடுத்தவுடன் அவள் கேட்பது ஒன்றுதான்.

"அப்பா, அங்க நான் சாப்ட்டேனா?"

"சாப்ட்டம்மா. காலையிலயே குடுத்துட்டேன்."

அதைக் கேட்ட பிறகுதான் அவள் வாயில் போட்டுக்கொள்வாள்.