வாலுக்குள் இருந்து சொன்ன 'ஓம்'

போன வருடம் மாசி மாதம், ஒரு சனிக்கிழமை மத்தியானம். இடம், கனடாவில் அஜின்கோர்ட் என்ற ஊரில் எங்கள் வீட்டுக் கராஜ். ஒரு கார் மட்டுமே நிற்கக்கூடிய கராஜ் அது. ஆனால் எங்கள் கார் வெளியே பனிக்குள் நிற்கும். உள்ளே நிற்பது விமானம்.

பகிடி இல்லை, உண்மையாகத்தான். என் கணவர் லிப்ட் திருத்துகிற வேலை செய்பவர். பெட்டி பெட்டியாக வந்த அலுமினியத் தகடுகளைப் பொருத்தி, இரண்டு பேர் போகக்கூடிய ஒரு குட்டி விமானத்தை நாலு வருடமாகக் கட்டிக்கொண்டிருக்கிறார். கொண்டாட்டங்களுக்குப் போனால், "அண்ணை எப்பவாம் யாழ்ப்பாணத்துக்கு டிக்கெட் போடுறார்?" என்று கேட்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். காலையில் கார்க் கண்ணாடியில் ஐஸ் சுரண்டும்போது மட்டும் சிரிப்பு வராது.

தகடுகளைச் சேர்த்துப் பிடிப்பவை ரிவெட் என்கிற சின்ன ஆணிகள். ஒன்று இரண்டு இல்லை, ஆயிரக்கணக்கில். இந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் வெளியே நின்று காற்றில் ஓடும் ரிவெட் துப்பாக்கியால் ஆணியின் தலையில் அடிப்பார். மற்றவர் உள்ளே இருந்து, ஆணியின் மறுநுனியில் ஒரு இரும்புக் கட்டியை அழுத்திப் பிடிக்க வேண்டும். அப்போதுதான் நுனி நசுங்கி இறுகும். விமானத்தின் வால்பகுதி போகப் போக ஒடுங்கும். அவருடைய வண்டி வயிறு அதற்குள் போகாது. அதனால் நான் போனேன்.

ஒவ்வொரு ஆணிக்குப் பிறகும் வெளியே இருந்து "சரியோ?" என்பார். நான் விரலால் தடவிப் பார்த்துவிட்டு "ஓம், சரி" என்பேன். பிழை என்றால் துளைத்து எடுத்துவிட்டு வேறு ஆணி போடுவார். கோபிக்க மாட்டார்.

அந்தச் சனிக்கிழமைதான் வாலின் ஆக ஒடுக்கமான இடத்துக்கு வந்தோம். முழங்காலை மடக்கிச் சரிந்து படுத்திருந்தேன். வெளிச்சம் ஒரு சின்ன டோர்ச் மட்டும். குளிருக்காகக் கராஜ் கதவும் பூட்டிக் கிடந்தது. முதல் அடி விழுந்தது. காதை மூடியிருந்தாலும் சத்தம் தகடு வழியாக இறங்கி எலும்புக்குள் வந்தது. அந்தக் கணம் நான் கராஜில் இல்லை. பதினொரு வயதில், யாழ்ப்பாணத்தில் குண்டுக்குப் பயந்து எங்கள் வீட்டு வளவில் வெட்டிய பங்கர்க் குழிக்குள், தம்பியின் காதைப் பொத்திக்கொண்டு குந்தியிருந்தேன். எங்களுக்கு அந்த நாளில் விமானம் அண்ணாந்து பார்க்கிற சாமான் இல்லை. சத்தம் கேட்டதும் ஓடி ஒளிய வேண்டிய சாமான்.

கை தானாகக் காதுப் பக்கம் போனது, கட்டி வழுகிவிட்டது. தடவிப் பார்த்தேன். நுனி ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தது.

"சரியோ?"

பிழை என்றால் திரும்பத் துளைப்பார், திரும்ப அடிப்பார். எனக்கு வெளியே வந்தால் போதும் என்றிருந்தது. "ஓம், சரி" என்றேன்.

இரண்டு வாரமாக அந்த ஆணி எனக்குள்தான் இருந்தது. சமைக்கும்போதும் பெருவிரல் தானாகவே அதைத் தேடித் தடவும். பங்கரைப் பற்றி அவருக்கு நான் ஒருநாளும் சொன்னதில்லை. அவர் ஆறு வயதில் கனடாவுக்கு வந்தவர். கலியாணம் கட்டிப் பதினெட்டு வருடத்தில், என்றோ முடிந்த கதையை ஏன் கிளற வேண்டும் என்று விட்டுவிட்டேன். என் முகம் சுருங்குவது கார் பனிக்குள் நிற்பதால் என்றே அவர் நினைத்திருந்தார்.

மேல்தகட்டை மூடுவதற்கு முன், விமானங்களைச் சோதிக்கும் இன்ஸ்பெக்டர் வந்து பார்க்க வேண்டும். அதற்கு முந்திய ஞாயிறு, என் கணவர் தான் வேலை விவரம் எழுதிவைக்கும் கொப்பியைக் காட்டினார். ஒவ்வொரு பக்கத்திலும் 'உள்ளே பார்த்தது: மனைவி, எல்லாம் சரி' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. அவர் கண்ணால் பார்க்காத இடங்களுக்கெல்லாம் என் வாய்ச்சொல்தான் சாட்சி. அதை நம்பி இந்த மனுசன் ஆகாயத்தில் ஏறப் போகிறார். எனக்கு அழுகை வந்துவிட்டது. "ஒண்டு பிழை. நான் பொய் சொன்னனான்" என்றேன்.

எது என்று கேட்டார். காட்டினேன். "ஏன் அப்பவே சொல்லேல்லை?" என்றார். அப்போதுதான் பங்கர், தம்பி எல்லாம் சொன்னேன்.

அவர் ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டு, தலையை முன்னே விட்டு வாலுக்குள் புகுந்தார். இடுப்போடு நின்றுவிட்டார். வெளியே தகட்டின்மேல் ஒரு மரத்துண்டை வைத்து அதில் துப்பாக்கியால் அடிக்கச் சொன்னார். அடித்தேன். இரண்டு விநாடிதான். "காணும், காணும், நிப்பாட்டும்" என்று குரல் வந்தது. வெளியே வரப் பார்த்தால் வர முடியவில்லை. காலைப் பிடித்து இழுத்தேன். எனக்குச் சிரிப்பு வந்தது. வெளியே வந்தவரின் கண் சிவந்திருந்ததைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

"உதுக்குள்ளையோ இவ்வளவு நாளும் இருந்தனீர்?" என்றார்.

மெலிந்த ஆள் யாரையாவது பிடிக்கிறேன் என்றார். நான் விடவில்லை. நான் பிழைவிட்ட ஆணியை நானே சரியாக்க வேண்டும் என்று நின்றேன். அவர் கராஜ் கதவை முழுதாகத் திறந்துவிட்டார். குளிர் அடித்துக்கொண்டு வந்தது. வாலுக்குள் படுத்துத் திரும்பினால், என் கால்களுக்கு அப்பால் றோட்டும், பனி மூடிய எங்கள் காரும் தெரிந்தன. நாலு வருடமாக நான் திட்டிய அதே காட்சி. அதைப் பார்த்துக்கொண்டிருந்தால் நான் எங்கே இருக்கிறேன் என்பது மறக்காது. ஒவ்வொரு அடிக்கும் முன்பு அவர் சத்தமாக "ஒண்டு, ரெண்டு, மூண்டு" எண்ணினார். பயம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் கட்டி வழுகவில்லை.

இன்ஸ்பெக்டர் கொப்பியைப் பார்த்து, அந்த ஒரு வரியில் நின்றார். 'ஒன்று பிழை. சொன்னது மனைவி. திருத்தியது இருவரும்.' பிழையே இல்லாத கொப்பி என்றால்தான் தனக்குப் பயம் என்று சொல்லிவிட்டு, மூடலாம் என்று கையெழுத்துப் போட்டார்.

விமானம் இன்னும் பறக்கவில்லை. எஞ்சின் பூட்ட வேண்டும். பறக்கிற நாளில் நான் ஏறுவேனா என்று எனக்கே தெரியாது. அவரும் கேட்டு நெருக்கவில்லை. ஆனால் இப்போது அவர் "சரியோ?" என்று எதைக் கேட்டாலும் நான் உடனே "ஓம்" சொல்வதில்லை. உள்ளுக்குள் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். அவரும் அதுவரை காத்திருக்கிறார்.