அப்பாவின் குத்தூசி

இன்று ஈரச் சாக்கின் வாடை மூக்கில் ஏறியதும், ஜப்பான்காரன் வருவதற்கு முன் கூலாயில் எங்களுக்கிருந்த மொத்த மளிகைக் கடை நினைவுக்கு வந்தது. சிங்கப்பூரிலிருந்து வரும் எந்த அரிசி மூட்டையானாலும், சொந்தத் தம்பி அனுப்பியதே ஆனாலும், அப்பா இடுப்பில் செருகியிருக்கும் குத்தூசியை அதன் அடிவயிற்றில் இறக்கி, உள்ளங்கையில் சரியும் அரிசியை முகர்ந்து, மென்று, துப்பிய பிறகுதான் வண்டிக்காரருக்குத் தண்ணீர்கூடக் கிடைக்கும்.

பக்கத்து ஊரான செனாயிலிருந்து அக்காவுக்கு வந்த சம்பந்தத்திலும் அவருக்குச் சந்தேகம்தான். பரிசம் போட வந்த அன்று, அதே வியாபாரம் செய்துவந்த மாப்பிள்ளையின் தகப்பனார், பேசிக்கொண்டே தன் இடுப்பிலிருந்து ஒரு குத்தூசியை உருவி நாங்கள் சீராக வைத்திருந்த அரிசி மூட்டையில் இறக்கினார். அம்மா வெற்றிலைத் தட்டைக் கீழே வைத்துவிட்டாள், அக்கா தலை நிமிரவில்லை.

அவர் மென்றுகொண்டிருக்கும்போதே அப்பா அம்மாவின் பக்கம் சாய்ந்தார்.

"இப்பதான் எனக்கு நம்பிக்கை வந்துச்சு. பொண்ண தாராளமா குடுக்கலாம்."