சோப்பு டப்பாவில் டெலிபோன்

என் அம்மா கோவையில் ஒரு பட்டறையில் பேனல் போர்டுகளுக்கு ஒயரிங் செய்துகொண்டிருந்தாள். இதைச் சொல்லும்போது இன்றைக்கும் என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிடுகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். மற்ற பிள்ளைகளின் அம்மாக்களுடைய கைப்பையில் பூவும் பவுடரும் இருக்கும். என் அம்மா பையில் டெஸ்டரும் இன்சுலேஷன் டேப்பும் இருந்தன.

தொண்ணூறுகளின் நடுவில் பெரிய மாமா, கிணத்துக்கடவில் தாத்தா விட்டுப்போன தென்னந்தோப்புக்குள் புதுவீடு கட்டினார். பால் காய்ச்சும் நாளன்றே டெலிபோனும் வந்துவிட்டது. கூடத்துச் சுவரில் தேக்குப் பலகை வைத்த ஒரே பெரிய பெட்டி. ஃபேன், லைட், டிவி, டெலிபோன் எல்லாவற்றின் ஒயரும் அதற்குள்தான். அது மாமாவின் சொந்த யோசனை. வந்தவர்களுக்கெல்லாம் சாமியறையைக் காட்டுவதற்கு முன்பே அதைக் காட்டினார்.

மில்லில் லீவு கிடைக்காத அப்பா பத்து மணிக்குக் கூப்பிடுவதாகவும், முதல் போனை நான்தான் எடுப்பதாகவும் ஏற்பாடு. ஒன்பது வயதுக்காரிக்குத் தலைகால் புரியவில்லை.

அம்மா பெட்டியை உற்றுப் பார்த்தாள். பந்தி நடந்துகொண்டிருந்த கூடத்தில் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"ஏனுங்ணா, இப்படி ஒண்ணா வெச்சிருக்கக் கூடாதுங்ணா. இன்னைக்கே பிரிச்சாகோணும்."

அத்தையின் பாயசக் கரண்டி பாதியில் நின்றது. மாமாவின் முகம் வெளுத்துவிட்டது.

"நல்ல நாளும் அதுவுமா என்ன பேச்சு அம்மணி இது?"

"நல்ல நாளுங்காட்டித்தான் சொல்றனுங்ணா. இப்படியே உட்டா உசுருக்கே ஆபத்து."

பந்தியில் இருந்த ஒரு பெரியவர் இலையை விட்டு எழுந்தே விட்டார்.

அம்மா யாரையும் கவனிக்கவில்லை. மெயினை அணைத்து, பலகையைக் கழற்றினாள். உள்ளே ஒரு கரண்டு ஒயரின் தோல் உரிந்து செம்பு தெரிந்தது. டெலிபோன் ஒயர் அதைத் தொட்டும் தொடாமலும் கிடந்தது.

"இருநூத்திமுப்பது வோல்ட்டும் போன் ஒயரும் ஒரே பெட்டியில இருக்கப்படாதுங்ணா. ரெண்டும் ஒட்டிக்கிச்சுன்னா, போனை எடுக்கறவங்க கையில கரண்டு ஏறிரும்."

மாமா என்னைப் பார்த்தார். பிறகு மெல்லக் கேட்டார்.

"பெட்டியைத்தான் பிரிக்கச் சொன்னியா கண்ணு?"

"வேற என்னத்தைங்ணா?"

மாமா விழுந்து விழுந்து சிரித்தார். கூடமே சிரித்தது. பெரியவர் மறுபடி உட்கார்ந்து பாயசம் கேட்டார். அம்மா தோல் உரிந்த இடத்தில் டேப் சுற்றினாள். குளியலறையிலிருந்து ஒரு சோப்பு டப்பாவைக் கொண்டுவரச் சொல்லி, அதில் ஓட்டை போட்டு, டெலிபோன் ஒயரை மட்டும் தனியாக அதற்குள் குடிவைத்தாள். தேக்குப் பலகைக்குப் பக்கத்தில் ரோஸ் நிற சோப்பு டப்பா. பிறகும் மனசில்லாமல், சுற்றிய டேப்பின் மேலேயே இன்னும் நாலு சுற்று சுற்றினாள். தொழில் சுத்தம் என்று நினைத்தேன்.

பத்து மணிக்கு மணி அடித்தது. நான் எடுத்து "அலோ" என்றேன்.

அம்மாவின் அறிவுக்கு முன்னால் ஒரு கூடமே நடுங்கியதாகப் பள்ளிக்கூடத்தில் பல நாள் பீற்றிக்கொண்டேன். தாத்தாவின் தோப்பு அப்போது பாகம் பிரிக்காமல் கிடந்ததும், கட்டிக்கொடுத்த தங்கை வந்து 'பிரிக்கோணும்' என்றால் அண்ணன் காதில் என்ன விழும் என்பதும் எனக்குத் தெரியாது. அன்றைக்கு அவர்கள் எல்லாரும் பயந்தது தோப்புக்காக. கரண்டை நினைத்துப் பயந்தவள் அம்மா ஒருத்திதான், அதுவும் எனக்காக.